வெள்ளை மான் காட்டில் ஒரு பிரபு

புடாபெஸ்டிலிருந்து புறநகர் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் கோடோல்லோ வந்துவிடுகிறது. இறங்கினால் எதிரே அரண்மனை. பேரரசி எலிசபெத்துக்குப் பிடித்த மாளிகை என்பதால் சுற்றுலாக் கூட்டம் அங்கேயே நின்றுவிடும். ஊரை ஒட்டிய காட்டைத் தேடிப் போகிறவர்கள் குறைவு.

1933 ஆகஸ்டில் அந்தக் காட்டில் ஒரு கூடார நகரமே எழுந்தது. நான்காவது உலகச் சாரணர் ஜம்போரி. சுமார் 26,000 பேர். சின்னம், வெள்ளை மான். இரு சகோதரர்களைத் தன் பின்னால் ஓடவிட்டுப் புதிய மண்ணுக்கு அழைத்துச் சென்றதாக ஹங்கேரியர்களின் பழங்கதை சொல்லும் அதே மான். முகாம் தலைவர் பிரபு பால் டெலெகி. திரான்சில்வேனியாவின் பழைய பிரபுக் குடும்பத்தில் வந்தவர், புவியியல் பேராசிரியர். ஜப்பானிய வரைபடங்களின் வரலாற்றை ஆராய்ந்து பெயர் வாங்கியவர். முதல் உலகப் போருக்குப் பின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கை இழந்திருந்த நாடு, உலகத்துச் சிறுவர்களை விருந்துக்கு அழைத்தது. பிரபுவுக்கு அது பெருமிதமான கோடை.

ஆனால் இதே மனிதர் பிரதமராக இருந்த 1920இல்தான் பல்கலைக்கழகங்களில் யூத மாணவர்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. 1939இல் மீண்டும் பிரதமரானதும் இன்னொரு யூத விரோதச் சட்டத்தை நிறைவேற்றினார். வேண்டாவெறுப்பாகச் செய்தார் என்று வாதாட வழியில்லை; அவர் அதை நம்பினார். அதே ஆண்டு, ஹிட்லரின் படைக்குத் தப்பி வந்த போலந்து அகதிகளுக்கு எல்லையைத் திறந்துவிட்டதும் அவருடைய அரசுதான்.

1940 டிசம்பரில் யூகோஸ்லாவியாவுடன் நிரந்தர நட்பு ஒப்பந்தம் செய்தார். நான்கு மாதம்கூட ஆகவில்லை. அந்த நாட்டைத் தாக்க ஜெர்மனி துணை கேட்டது. ஆட்சித் தலைவர் ஹோர்த்தி இணங்கினார். 1941 ஏப்ரல் 3ஆம் தேதி அதிகாலை டெலெகி தன்னைச் சுட்டுக்கொண்டார். வாக்குத் தவறிவிட்டோம் என்று ஹோர்த்திக்குக் கடிதம் எழுதி வைத்திருந்தார். அடுத்த சில நாட்களில் ஹங்கேரியப் படையும் எல்லை தாண்டியது. சாரணர் இயக்கத்தை 1948இல் கம்யூனிஸ்டுகள் தங்கள் இளம் முன்னோடி அமைப்பில் கரைத்துவிட்டார்கள்.

கோடோல்லோவின் ஒரு பகுதியான மாரியாபெஸ்னியோவில், கப்புச்சின் துறவிகளின் கோவிலை அடுத்த இடுகாட்டில் அவர் கல்லறை இருக்கிறது. புடா கோட்டைப் பகுதியில் சிலை வைக்க 2004இல் முயற்சி நடந்தபோது எதிர்ப்புக் கிளம்பியது. கடைசியில் சிலையை பலாட்டன் ஏரிக்கரை ஊரான பலாட்டன்போக்லாருக்குக் கொண்டுபோய்க் கோவில் வளாகத்தில் நிறுத்தினார்கள். போலந்து அகதிப் பிள்ளைகளுக்குப் போர்க்காலத்தில் பள்ளி நடந்த ஊர் அது.