மழை நகரில் இரண்டு மாணவர்கள்

நோர்வே என்றதும் நம்மவர் பலருக்குப் பனியும், 2002 இல் நடந்த சமாதானப் பேச்சும்தான் நினைவுக்கு வரும். யாழ்ப்பாணத்துக் கரையோரச் சனத்துக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும்: காரைநகர் சீநோர். 1956 இல் நோர்வேக்குச் சென்ற அந்தோனி இராஜேந்திரம் அந்நாட்டு நண்பர்களின் உதவியோடு தொடங்கிய அந்த நிறுவனத்தின் வள்ளத்தில் எனது மாமனாரும் தொழில் செய்தவர். அதனால், 2017 இல் எனக்கும் கணவருக்கும் பேர்கன் பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் படிப்புக்கு இடம் கிடைத்தபோது, "எங்களுக்கு வள்ளம் தந்த சனம், பயப்பிடாமல் போங்கோ" என்றுதான் அவர் வழியனுப்பினார். கணவருக்குக் கடற்றொழில் சார்ந்த படிப்பு. எனக்குச் சுகாதார மேம்பாடு.

பேர்கன், நோர்வேயின் இரண்டாவது பெரிய நகரம். ஏழு மலைகள் சூழ, கடலை ஒட்டி இருக்கிறது. அத்திலாந்திக்கிலிருந்து வரும் ஈரக்காற்று அந்த மலைகளில் மோதி மழையாகக் கொட்டும். வருடத்துக்கு 2,200 மில்லிமீற்றருக்கு மேல். கொழும்பிலும் ஏறக்குறைய இவ்வளவு மழைதான். ஆனால் கொழும்பு மழை இடித்துப் பெய்துவிட்டு வெயிலைக் காட்டிவிடும். பேர்கன் மழை, விருந்துக்கு வந்து போக மனமில்லாத மாமியைப் போல. வருடத்தில் இருநூறு நாட்களுக்கு மேல் சிணுசிணுத்துக்கொண்டே இருக்கும். 2006 ஒக்டோபர் 29 இல் தொடங்கி 2007 ஜனவரி 21 வரை தொடர்ந்து 85 நாட்கள் மழை பெய்ததை அவ்வூர்க்காரர் ஒரு சாதனை போலச் சொல்வார்கள். நாங்கள் ஊரிலிருந்து கொண்டுபோன இரண்டு குடைகளும் முதற் கிழமையிலேயே காற்றில் கம்பி கழன்றுபோயின. குடைக்கல்ல, உடுப்புக்குத்தான் செலவழிக்க வேண்டும் என்று அங்கே எல்லோரும் சொன்னார்கள். கூடாத காலநிலை என்று ஒன்றில்லை, கூடாத உடுப்புத்தான் உண்டு என்பது அவர்களின் பேச்சுவழக்கு. பாவித்த உடுப்பு விற்கும் கடையில் இரண்டு மழை அங்கிகளும் றப்பர் சப்பாத்துக்களும் வாங்கினோம். எனது அங்கி மஞ்சள். அதைப் போட்டுக்கொண்டு பஸ்தரிப்பில் நின்றால் வள்ளத்தில் ஏறப்போகிறவள் மாதிரி இருப்பதாக இவர் பகிடி பண்ணுவார்.

எங்கள் வீடு ஃபான்தொஃப்ட் என்ற இடத்தில், மாணவர் விடுதித் தொகுதியில் இருந்தது. ஓர் அறை, அதற்குள்ளேயே ஒரு மூலையில் குசினி. 2010 இல் தொடங்கிய இலகு ரயில் விடுதிக்குப் பக்கத்திலேயே நிற்கும். சற்றுத் தூரம் நடந்தால் மரங்களுக்கிடையே கறுத்துப்போன பலகைகளால் கட்டிய பழைய பாணித் தேவாலயம் ஒன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் வேறோர் ஊரில் கட்டப்பட்டு, 1883 இல் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டு, 1992 இல் தீவைக்கப்பட்டுச் சாம்பலாகி, 1997 இல் மறுபடியும் அதே மாதிரிக் கட்டி எழுப்பப்பட்டது. எரிந்த கட்டிடத்தைத் திரும்பக் கட்டுவது எத்தகைய வேலை என்று யாழ்ப்பாணத்தவருக்கு விளக்கத் தேவையில்லை. நூலகத்தை நினைக்காமல் அந்த வழியால் என்னால் போக முடிந்ததில்லை.

பணக் கதைக்கு வருகிறேன். அந்நாட்களில் அங்கு அரச பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டவருக்கும் கற்கைக் கட்டணம் இல்லை. தவணைக்குச் சில நூறு குரோனர் மட்டும் கட்டினால் போதும். (2023 இலிருந்து ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து புதிதாகச் சேர்கிறவர்கள் கட்டணம் செலுத்த வேண்டும். பல பாடநெறிகளுக்கு அது வருடத்துக்கு ஒரு லட்சம் குரோனரைத் தாண்டும். பிள்ளைகளை அனுப்ப நினைக்கும் தாய்மார் பழைய கதைகளை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.) ஆனால் வதிவிட அனுமதிக்கு, ஒரு வருடச் சீவியத்துக்கான பணத்தைக் காட்ட வேண்டும். ஆளுக்கு ஒரு லட்சம் குரோனருக்கு மேல். அப்போது ஒரு குரோனர் பதினெட்டு, பத்தொன்பது ரூபா. இவரின் சேமிப்பும், எனது நகைகளை அடகு வைத்த காசும் முதல் வருடத்துக்குச் சரியாக இருந்தன. இரண்டாம் வருடம் அனுமதியைப் புதுப்பிக்க, அதே அளவு பணத்துக்குத் திரும்பவும் வழி காட்ட வேண்டும். ஊரில் அடகு வைக்க இனி ஒன்றும் இல்லை.

மாணவர்கள் கிழமைக்கு இருபது மணித்தியாலம் வேலை செய்யலாம். இவருக்குப் பத்திரிகை போடும் வேலை கிடைத்தது. அதிகாலை இரண்டரைக்கு எழும்பி, மலைச்சரிவில் உள்ள வீடுகளுக்குப் படி ஏறி இறங்கிப் போட்டுவிட்டு, ஆறு மணிக்கு நனைந்த கோழி மாதிரி வருவார். நான் பின்னேரங்களில் ஒரு பாலர் பராமரிப்பு நிலையத்தில் தரை துடைத்தேன். ஆசிரியர்கள் நின்றால் வாய்பார்த்துப் பாஷையும் பழகினேன். அங்கே குளிர்காலத்திலும் கைக்குழந்தைகளைக் கம்பளியால் சுற்றித் தள்ளுவண்டியில் படுக்கவைத்து, வெளியே முற்றத்தில்தான் நித்திரையாக்குவார்கள். முதல்நாள் கண்டபோது எனக்கு நெஞ்சு திக்கென்றது. பிள்ளைகளோ கன்னம் சிவக்க நல்ல நித்திரை. பின்னேரம் அவர்களைக் கூட்டிப்போக வருகிறவர்களில் பாதிப்பேர் தகப்பன்மார். 1993 இலேயே தகப்பனுக்கென்று தனியாக நான்கு கிழமை மகப்பேற்று விடுமுறையை ஒதுக்கிய நாடு அது. தகப்பன் எடுக்காவிட்டால் அந்தக் கிழமைகள் பொதுவாகக் குடும்பத்துக்கே இல்லாமல் போகும். சட்டத்தை இப்படிப் போட்டால்தான் ஆண்கள் தள்ளுவண்டியைப் பிடிப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது.

எங்கள் குசினியில் சட்டம் ஒன்றும் போடவில்லை. ஊரில் தேத்தண்ணி ஊற்றக்கூடத் தெரியாதிருந்தவர், நான் வேலை முடிந்து வர ஏழு மணியாகும் என்பதால் சோறும் பருப்பும் வைக்கப் பழகினார். நோர்வேக்காரர் சாப்பிட்டு முடித்ததும், சமைத்தவரைப் பார்த்து "தக் ஃபோர் மாத்தன்" என்பார்கள். சாப்பாட்டுக்கு நன்றி என்று அர்த்தம். ஒரு நோர்வே மாணவி எங்களிடம் சாப்பிட வந்தபோது, கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பி, அதை எனக்குச் சொன்னாள். "அவருக்குச் சொல்லும், அவர்தான் சமைச்சவர்" என்றேன். இவரின் முகத்தில் அன்று வந்த சந்தோஷத்தைப் பார்த்தபின், எத்தனை வருடங்களாக எனது அம்மா இந்தச் சொல்லைக் கேட்காமலே சமைக்கிறா என்று யோசித்தேன்.

குளிர்காலம் குளிரால் அல்ல, இருட்டால்தான் கஷ்டம். வெப்ப நீரோட்டத்தால் அங்கே துறைமுகம் உறைவதில்லை. ஆனால் டிசெம்பரில் சூரியன் காலை பத்து மணியளவில் எட்டிப் பார்த்து, பின்னேரம் மூன்றரைக்குப் போய்விடும். அந்த மாதங்களில் ஒவ்வொரு நாளும் ஒரு கரண்டி மீனெண்ணெய் குடிப்பார்கள். பெயரில் 'ர்' வரும் மாதங்களெல்லாம், அதாவது செப்டெம்பரிலிருந்து ஏப்ரல் வரை, குடிக்க வேண்டுமாம். சின்ன வயதில் அம்மா மூக்கைப் பிடித்துப் பருக்கிய அதே எண்ணெய். அவர்களின் மண்ணிறப் பாற்கட்டியும் ஒருமுறை வாங்கினோம். பால் ரொபியில் உப்புப் போட்டது போல இருந்தது. இவர் பாணில் வைத்து விரும்பிச் சாப்பிட்டார். எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

2018 மே மாதம் கணக்குப் பார்த்தோம். இருவரின் சேமிப்பையும், வேலை ஒப்பந்தப்படி வரக்கூடிய சம்பளத்தையும் கூட்டியும் ஐம்பத்தையாயிரம் குரோனர் குறைந்தது. ஒருவருக்கு மட்டுமானால் தாராளமாகப் போதும். செய்தி ஊருக்குப் போனதும் தொலைபேசி ஓயவில்லை. "நீ வந்து நில் பிள்ளை, அவர் படிச்சு முடிச்சுக்கொண்டு வரட்டும்" என்றா அம்மா. மாமியும் அதையேதான், இன்னும் தன்மையாகச் சொன்னா. யாரும் இவரை வரச்சொல்லவில்லை என்பதை நான் கவனித்தேன். இவரும் கவனித்திருக்கிறார். அன்றிரவு படிப்புமேசையில் கணக்குக் கொப்பியை விரித்துவைத்துக்கொண்டு, "நான் ஒரு வருஷம் நிப்பாட்டிப்போட்டு ஊருக்குப் போறன். நீர் படியும். என்ரை படிப்புப் பிந்தினால் கடலிலை மீன் ஒண்டும் செத்துப்போகாது. நீர் இப்ப விட்டால் திரும்பத் தொடங்க விடமாட்டினம்" என்றார்.

நான் சம்மதிக்கவில்லை. கோடை விடுமுறையில் மாணவர்கள் முழுநேரமும் வேலை செய்யலாம். யூன் நடுப்பகுதியிலிருந்து ஒரு நாளும் விடாமல் உழைப்பது என்று முடிவெடுத்தோம். நான் ஒரு ஹோட்டலில் அறைகள் துப்புரவாக்கினேன். இவர் பத்திரிகையை விடாமல், பகலில் மீன் பொதிசெய்யும் இடம் ஒன்றுக்கும் போனார். இரவு பதினொரு மணிக்கும் வெளிச்சம் இருக்கும். நித்திரைக்காக யன்னலுக்குப் போர்வை கட்டினோம்.

சாப்பாட்டுச் செலவைக் குறைக்கக் கடல் கைகொடுத்தது. நகரத்து மீன் சந்தை உல்லாசப் பயணிகளுக்கானது. விலை கேட்டால் பசி போய்விடும். ஆனால் நோர்வேயில் கடலில் தூண்டில் போட யாருக்கும் அனுமதிப்பத்திரம் தேவையில்லை. ஆற்றில்தான் கட்டுப்பாடு. ஜூலையில் மக்கரல் கூட்டம் கூட்டமாகக் கரைக்கு வரும். மாமனார் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, ஒரு நைலோன் கயிற்றில் ஐந்து தூண்டில் கட்டி, ஈயம் போட்டு இறக்கினோம். ஒரே இழுவையில் நான்கு மீன்! கரையில் நின்ற கிழவர் ஒருவர், உடனே செவுளை வெட்டி இரத்தம் வடியவிடும்படி சைகையால் காட்டினார். அந்தக் கோடை முழுவதும் மக்கரல் குழம்பு, பொரியல், சொதி. குளிரூட்டியின் மேற்தட்டு நிறைய மீன். ஒரு பொதியைப் பக்கத்து அறை எதியோப்பியப் பிள்ளைக்குக் கொடுத்தேன். தங்கள் நாட்டில் கடலே இல்லை என்றபடி வாங்கிக்கொண்டாள்.

ஓகஸ்ட்டில் சம்பளச் சீட்டுக்கள், ஒப்பந்தங்கள், வங்கிக் கூற்றுக்கள் எல்லாவற்றையும் இணைத்து இருவருக்குமாக விண்ணப்பித்தோம். பதில் வரும்வரை ஊருக்கு எதுவும் சொல்லவில்லை. ஒக்டோபர் முதற் கிழமையில் இரண்டு முடிவுகளும் ஒரே நாளில் வந்தன. இருவருக்கும் அனுமதி கிடைத்திருந்தது. அம்மாவுக்கு எடுத்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அவர் சாப்பிட்டவரோ?" என்று கேட்டா. "அவர்தான் சமைக்கிறார்" என்றேன்.

அடுத்தநாள் அதிகாலை வழக்கம்போல மழை. மஞ்சள் அங்கியைப் போட்டுக்கொண்டு நானும் இவரோடு புறப்பட்டேன். படியுள்ள வீடுகளை இவர் எடுத்தார். தெருவோரத்து வீடுகளை நான் எடுத்தேன். ஐந்து மணிக்கு முன்னமே பத்திரிகை முடிந்துவிட்டது.