கொன்றை எப்போ பூக்கும் பாஸ்?

சம்மர் டூர்னாலே ஊட்டி, கொடைக்கானல்னு கிளம்புறவங்க ஒரு தடவை ரூட்டை மாத்துங்க. விருத்தாசலத்துல சேத்தியாத்தோப்பு பஸ் பிடிச்சு, ஜன்னலோரமா உட்காருங்க. கொஞ்ச நேரத்துல கம்மாபுரம் வந்துடும். பக்கத்துல வயல், தூரத்துல நெய்வேலி அனல்மின் நிலையத்தோட புகைபோக்கிகள். வெயிலைப் பத்தி மட்டும் கேட்காதீங்க... கடலூர் மாவட்டத்து சித்திரை வெயில் அது! ஆனா, இந்த வெயிலுக்காகவே காத்திருந்து டிரெஸ் மாத்துற ஒருத்தர் இங்கே இருக்கார். பேரு, சரக்கொன்றை.

பழைய இலையை உதிர்த்துட்டு, கிளைக்குக் கிளை மஞ்சள் சரத்தைத் தொங்கவிட்டு நிப்பார் பாருங்க... கல்யாண மண்டப சீரியல் லைட்டெல்லாம் பக்கத்துல நிக்க முடியாது. அப்படியே நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வந்து நடந்தீங்கன்னா, மஞ்சளுக்குப் போட்டியா குல்மொஹர் சிவப்பும் சேர்ந்துக்கும். நிலக்கரி ஊர்னா கறுப்பாத்தான் இருக்கும்னு நினைச்சவங்க செமயா ஏமாறுவீங்க.

சரி, பூ உச்சத்துல இருக்கணும்னா எந்தத் தேதிக்கு டிக்கெட் போடறது? இதே கேள்வியை ஜப்பான்ல கேட்டா, டக்குனு பதில் வரும். அங்கே செர்ரி பூக்கிறது ஊர்த் திருவிழா மாதிரி. அந்த நாட்டு வானிலைத் துறை 2009 வரைக்கும் 'எந்த ஊர்ல எப்போ பூக்கும்'னு முன்னறிவிப்பே கொடுத்துச்சு. 2010-லேர்ந்து அந்த வேலையைத் தனியார் கம்பெனிகள் செய்யுறாங்க. டோக்கியோவுல யசுகுனி கோயில் வளாகத்துல ஒரு மாதிரி மரம் இருக்கு. அதுல அஞ்சாறு பூ விரிஞ்சாத்தான் 'பூத்தாச்சு'னு அறிவிப்பு. எண்பது சதவிகிதம் விரிஞ்சா முழுப் பூப்பு!

கணக்கு ரொம்ப சிம்பிள். பிப்ரவரி 1-லேர்ந்து தினமும் சராசரி வெப்பநிலையைக் கூட்டிக்கிட்டே வரணும். 400 டிகிரியைத் தொட்டா, பூக்கும் நாள் வந்தாச்சுனு அர்த்தம். குளிர்காலத்துல தூங்குற மொட்டுக்கு முதல்ல போதுமான குளிர் வேணும், அப்புறம் சூடு வேணும். அந்தச் சூட்டைத்தான் இந்தக் கணக்கு அளக்குது.

இதை நெய்வேலிக்குப் போட்டுப் பார்ப்போமா? பிப்ரவரி சராசரி 26 டிகிரினு வெச்சுக்குங்க. பதினாறே நாள்ல 400 தாண்டிடும்! பிப்ரவரி 16-ம் தேதி போய்ப் பார்த்தா, கொன்றை 'யார் நீ?'னு கேட்கும். நம்ம ஊர்ல சூட்டுக்கா பஞ்சம்? இங்கே மரத்தோட அலாரமே வேற. வறட்சி, இலையுதிர்வு, மண் ஈரம், பகலோட நீளம்... வெப்ப நாட்டு மரங்கள் இந்த மாதிரி சிக்னல்களைத்தான் பார்க்கும். உதாரணம் வேணும்னா ஏற்காடு காபித் தோட்டத்துக்குப் போங்க. மார்ச், ஏப்ரல்ல நல்ல மழை ஒண்ணு விழுந்தா, எட்டுப் பத்து நாள்ல தோட்டமே வெள்ளையா பூத்துடும். ஜப்பான்காரர் டிகிரியைக் கூட்டுறார், ஏற்காட்டுக்காரர் மழை விழுந்த நாளை எண்ணுறார். அவ்வளவுதான் வித்தியாசம்!

மழைக்கும் பூவுக்கும் உள்ள இந்தக் கனெக்‌ஷன் நம்ம ஆளுங்களுக்குப் புதுசு இல்லை. குறுந்தொகை 66-ம் பாட்டைப் புரட்டுங்க. கார்காலத்துல திரும்பி வர்றேன்னு சொல்லிட்டுப் போன தலைவன் இன்னும் வரலை. கொன்றையோ பூத்துடுச்சு. தலைவி கலங்கிப் போறா. தோழி சமாளிக்கிறா... 'இந்த மரத்துக்கு அறிவில்லைடி. காலம் தப்பிப் பெய்ஞ்ச மழையைக் கார்னு நம்பி ஏமாந்து பூத்திருக்கு'ங்கிற அர்த்தத்துல! சங்கப் பாட்டுல கொன்றை கார்காலத்துப் பூ. இன்னிக்கு நாம பார்க்கிற பெரிய பூப்பு கோடையில. மரம் காலண்டரைப் பார்க்காது, வானத்தைப் பார்க்கும்ங்கிறது தோழிக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு.

வானம் மாறினா மரமும் மாறும். பக்கத்துக் கேரளாவுல விஷுக் கணிக்குக் கொன்றைப் பூ இல்லாம முடியாது. விஷு வர்றது ஏப்ரல் நடுவுல. ஆனா, சமீப வருஷங்கள்ல பல இடத்துல பிப்ரவரி, மார்ச்லயே பூத்துடுது. அங்கே நிறைய பள்ளிப் பசங்க 'சீசன்வாட்ச்'ங்கிற திட்டத்துல சேர்ந்து, ஆளுக்கொரு மரத்தை வாரா வாரம் பார்த்து இலை, பூ, காய் எல்லாத்தையும் பதிவு பண்றாங்க.

பதிவோட பவர் என்னன்னு கியோட்டோ நகரத்தைப் பார்த்தா புரியும். அரசவை நாட்குறிப்புகளைத் தேடி எடுத்து, கி.பி. 812-லேர்ந்து செர்ரி பூத்த தேதிகளைத் திரட்டி வெச்சிருக்காங்க. 2021-ல மார்ச் 26 அன்னிக்கு முழுப் பூப்பு. அதுக்கு முன்னாடி 1,200 வருஷத்துல அவ்வளவு சீக்கிரம் பூத்ததே இல்லை. பழைய ரெக்கார்டு 1409-ல மார்ச் 27! 'இப்பல்லாம் சீக்கிரமே பூக்குதுப்பா'ங்கிற டீக்கடைப் பேச்சுக்கும், ஆதாரத்துக்கும் நடுவுல இருக்கிறது ஒரே ஒரு நோட்டுதாங்க.

அந்த நோட்டு கம்மாபுரம் பக்கம் ரொம்ப அவசரம். ஏன்னா, இது சுரங்கம் நகர்ற பூமி. 1957-ல மண்ணைத் தோண்ட ஆரம்பிச்சதுலேர்ந்து வயலும் ஊரும் மரமும் இடம் விட்டுக் கொடுத்துக்கிட்டே வருது. இன்னிக்கு ரோட்டோரமா நிக்கிற கொன்றை முப்பது வருஷம் கழிச்சு அங்கேயே நிக்கும்னு கேரன்ட்டி இல்லை. மரம் போனா அதோட தேதிகளும் போச்சு!

அதனால இந்த சம்மர்லயே ஆரம்பிச்சுடுங்க. உங்க ஊர்லயோ, காலேஜ் கேட்லயோ ஒரே ஒரு மரத்தை செலக்ட் பண்ணுங்க. வாரத்துல ஒரு நாள், அதே கிழமை, அதே மரம். இலை, மொட்டு, பூ, காய்னு நாலு கட்டம் போடுங்க. மழை பெய்ஞ்ச தேதியை ஓரத்துல எழுதுங்க. அஞ்சாறு பூ விரிஞ்ச நாளை ரவுண்ட் பண்ணுங்க. அரியர் வைக்காத ஒரே அசைன்மென்ட்டா இதாவது இருக்கட்டும்! நாலு வருஷப் படிப்புல நாலு புள்ளிதான் கிடைக்கும். அதை வெச்சு கிராஃப் போட்டா லேப் சாரே சிரிப்பார். அதனால கிளம்புறப்போ நோட்டை ஜூனியர் கையில கொடுத்துட்டுப் போங்க. அவங்க அடுத்த ஜூனியருக்கு... ராகிங் இல்லாம சீனியர் தர்ற ஒரே சொத்து!

இன்னொரு மேட்டர். நெய்வேலி பழுப்பு நிலக்கரியே ஒரு காலத்துக் காடுதான். மனுஷன் பிறக்கிறதுக்கு ரொம்ப முன்னாடி நின்ன மரங்களோட மகரந்தத் துகளை அந்தக் கரியிலேர்ந்து பிரிச்செடுத்து, என்னென்ன செடி, மரம் இருந்துச்சுனு ஆராய்ச்சியாளர்கள் படிச்சிருக்காங்க. ஆனா, அந்தக் காடு எந்த மாசம் பூத்துச்சுனு எழுதி வைக்க அன்னிக்கு ஆள் இல்லை.

இன்னிக்கு நீங்க இருக்கீங்க. பேனாவும் இருக்கு!