போல்ட்டின் முகம்

அப்பாருவின் காரியம் முடிந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி தோட்டத்தைப் பற்றியது இல்லை. "அந்தத் துப்பாக்கிய என்ன பண்றது?" என்பதுதான்.

லைசென்ஸ் அப்பாருவின் பெயரில் இருந்தது. அவர் போனபிறகு வீட்டில் வைத்திருக்க முடியாது. கோயம்புத்தூரில் ஒரு துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்தோம். என் பெயருக்கு மாற்றுவதா, விற்பதா என்று முடிவு செய்ய ஒரு மாதம் கழித்து நான்தான் போனேன்.

அது .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் தோட்டா போடும் ரைஃபிள். 1912ல் லண்டனில் வந்த தோட்டா; யானை, காட்டுமாடு போன்ற பெரிய விலங்குகளுக்கானது. வால்பாறையில் எஸ்டேட் துரை ஊருக்குக் கிளம்பும்போது, கணக்குப்பிள்ளையாக இருந்த அப்பாருவுக்குக் கொடுத்துவிட்டுப் போனாராம்.

அதற்கு எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. அப்பாரு அதில் சுட்டது ஒரே ஒரு தடவை. காட்டுமாடு விழுந்தது. புதரிலிருந்து அதன் கன்று வந்து தாயை நக்கிக்கொண்டு நின்றது. அன்றைக்குத் துப்பாக்கியைத் துடைத்து அலமாரியில் வைத்தவர், பிறகு தொடவே இல்லை. 1972ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு ரொம்ப வருஷம் முன்னாடியே விட்டுவிட்டார் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். பதினைந்து வயதில் நான் கறி சாப்பிடுவதை நிறுத்தியது இந்தக் கதையால்தான்.

கடையில் ரிப்பேர் வேலை பார்ப்பவருக்கு எழுபது வயதிருக்கும். போல்ட்டை உருவி, முன்பக்கத்தை விளக்குக்குக் கீழே காட்டினார். "இதாங்க அம்மணி போல்ட்டோட முகம். தோட்டாவோட அடிப்பக்கம் இது மேலதான் ஒக்காரும்."

சின்னக் காசளவு எஃகு வட்டம், நடுவில் ஃபயரிங் பின் வரும் துளை. தோட்டா வெடிக்கும்போது அந்தக் காசின் மேல் சுமார் நான்கு டன் பாரம் ஒரு கணம் அழுத்தும் என்றார். அதற்குப் பின்னால், ஒரு சாண் தூரத்தில், சுடுபவரின் கண்.

"அவ்ளோ அடி வாங்கினா தேஞ்சு போகாதாங்க ஐயா?"

"சுட்டுச் சுட்டுத் தேயறதுன்னா மொதல்ல பேரல்தான் போகும். இது அவ்ளோ லேசுல போகாதுங்க. பெரிய ரைஃபிள்ல மனுசன் ஆயுசுக்கும் எத்தனை தடவ சுட்டுருவான்? இதக் கெடுக்கறது வேற."

முதலாவது துரு. பழைய தோட்டாக்களின் பிரைமர் வெடித்தால் ஒருவகை உப்பு படியும். மலைக்காற்றில் அது ஈரத்தை இழுக்கும். சுட்ட அன்றே வெந்நீர் ஊற்றிக் கழுவி எண்ணெய் போடாவிட்டால் பேரலிலும் போல்ட்டிலும் துரு பிடிக்கும். "இதுல துரு இல்ல. உங்க அப்பாரு நல்லா வெச்சிருக்காருங்க."

இரண்டாவது, பிரைமர் ஓட்டை விழுவது. பித்தளைக் கூடு விரிந்து அடைத்துக்கொள்வதால்தான் வெடிவாயு பின்னால் வராமல் இருக்கிறது. பிரைமர் கிழிந்தால் அந்த வாயு பின் துளைவழியாகப் பாயும். வெல்டிங் தீ மாதிரி எஃகை அரிக்கும். மவுசர் 98 போல்ட்டில் வாயு பக்கவாட்டில் வெளியேறத் துளைகள் உண்டு. இருந்தும் கொஞ்சம் முகத்துக்கு வந்துவிடும்.

கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். துளையின் விளிம்பு வட்டமாக இல்லை. எலி கடித்தது போலச் சுற்றிலும் குழிகள்.

"ராவித் தேய்ச்சுரலாமா?"

"கூடாதுங்க. இந்த எஃகு வடை மாதிரி. வெளிய மொறுமொறு, உள்ள மெத்து. மேல்தோலு போச்சுன்னா அப்புறம் ஒண்ணுமில்ல. தேய்ச்ச அளவுக்குத் தோட்டாவுக்குப் பின்னால இடைவெளியும் விழும். துளைக்குப் புதுசா புஷ் போட்டு அடைக்கலாம். ஆனா நான் இத சுடச் சொல்ல மாட்டேன்."

பிறகு சாதாரணமாகச் சொன்னார். "ஒரு தடவைல இவ்ளோ வராதுங்க. விளிம்பு போனா பிரைமருக்குப் பிடிமானம் இருக்காது, மறுபடி கிழியும். ஒரு குழி அடுத்த குழியத் தோண்டும். நாலஞ்சு தடவையாவது கிழிஞ்சிருக்கும். பழைய ஸ்டாக் தோட்டாவா இருக்கும், அப்பெல்லாம் புதுசு எங்க கெடைக்கும்? அப்பாருக்குக் கண்ணு எப்படிங்க?"

அப்பாருவின் வலது கண்ணில் எப்போதும் தண்ணீர் வடியும். சின்ன வயதில் என் பாவாடை நுனியால் துடைத்துவிட்டிருக்கிறேன். அடுப்புப் புகை என்பார்.

வெளியே வந்து அப்பாவுக்கு போன் செய்தேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார்.

"அப்பத்தா ஒரு தடவ சொன்னா. மூஞ்சியெல்லாம் கருகி வந்தாருன்னு. நான் நம்பல."

"அப்ப அந்தக் கன்னுக்குட்டி?"

"அது அவரே சொன்னதுதான் சாமி."

நான்கைந்து தடவை கிழிந்தும் சுட்டிருக்கிறார் என்றால், கிழியாமல் சுட்டது எத்தனை? நிறுத்தியது கன்றைப் பார்த்தா, கண்ணுக்குப் பயந்தா? கடைசித் தடவை இரண்டுமே நடந்திருக்கலாம். கன்று நிஜமாகவே வந்து நின்றிருக்கலாம், அவர் அதை ஒற்றைக் கண்ணால் பார்த்திருக்கலாம்.

உள்ளே போய், என் பெயருக்கு வேண்டாம், அரசாங்கத்திடமே ஒப்படைத்துவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். பெரியவர் போல்ட்டுக்கு எண்ணெய் தடவி மறுபடி உள்ளே தள்ளினார். இனி சுடாத துப்பாக்கிக்கு எதற்கு எண்ணெய் என்று கேட்கவில்லை.

நான் இன்னும் கறி சாப்பிடுவதில்லை. ஏன் என்று யாராவது கேட்டால் மட்டும், முன்போல உடனே கதையை எடுத்துவிட வரவில்லை.