கெண்டை

ஜூன் மாதப் பள்ளி விடுமுறை. இரவு மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. உயர்நிலை மூன்றில் பயிலும் அந்த மாணவன் மடிக்கணினியின்முன் அசையாமல் அமர்ந்திருந்தான். போக்கிமோன் சிகிச்சை நிலையத்தின் தாதி, அவனுடைய ஆறு உயிரினங்களையும் குணப்படுத்தித் திருப்பிக் கொடுத்திருந்தாள். ஆறும் முழு நலத்துடன் இருப்பதாகத் திரை காட்டியது. ஆனால், அவற்றுள் ஒன்று அவனைப் பொறுத்தவரை இறந்துவிட்டது. அதற்கு அவன் வைத்திருந்த பெயர் கெண்டை.

போக்கிமோன் விளையாட்டு 1996ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஜப்பானில் வெளிவந்தது. சிறுவயதில் பூச்சிகளைத் தேடிப் பிடித்து மகிழ்ந்த சத்தோஷி தஜிரி என்பவர் அதை உருவாக்கினார். புல்வெளிகளிலும் குகைகளிலும் திரியும் விநோதமான உயிரினங்களைப் பிடிக்க வேண்டும்; பழக்க வேண்டும்; பிற பயிற்சியாளர்களின் உயிரினங்களோடு மோதவிட வேண்டும். மோதலில் தோற்கும் உயிரினம் சாவதில்லை, மயங்கி விழும். சிகிச்சை நிலையத்திற்குக் கொண்டுசென்றால் அடுத்த நொடியே எழுந்துவிடும். குழந்தைகளுக்காக உருவான விளையாட்டு என்பதால், இழப்பு அதில் நீண்டநேரம் நிலைப்பதில்லை.

2010ஆம் ஆண்டில் நிக் ஃபிராங்கோ என்ற அமெரிக்கர் இந்த விளையாட்டைத் தமக்குத் தாமே கடினமாக்கிக்கொண்டார். ஒவ்வோர் இடத்திலும் முதலில் எதிர்ப்படும் உயிரினத்தை மட்டுமே பிடிக்கலாம் என்பது ஒரு விதி. மயங்கி விழுந்த உயிரினம் இறந்ததாகக் கருதப்படும். அதை மீண்டும் பயன்படுத்தக் கூடாது என்பது மற்றொரு விதி. இப்படி விளையாடிய அனுபவத்தை அவர் சித்திரக்கதையாக வரைந்தார். அக்கதையில் வரும் நஸ்லீஃப் என்ற உயிரினத்தின் பெயரை ஒட்டி, இச்சவாலுக்கு ‘நஸ்லாக்’ என்ற பெயர் ஏற்பட்டது. பிடிக்கும் ஒவ்வொன்றுக்கும் பெயர் சூட்ட வேண்டும் என்பதும் பின்னர் வழக்கமாயிற்று. பெயரில்லாத ஒன்றை இழப்பது எளிது. பெயர் வைத்த ஒன்றை இழப்பது எளிதன்று.

இத்தகைய சவால் கணினி விளையாட்டுகளுக்குப் புதிதன்று. 1980ஆம் ஆண்டு வாக்கில், கலிஃபோர்னியாவின் சான்டா குரூஸ் பல்கலைக்கழக மாணவர்கள் உருவாக்கிய ‘ரோக்’ என்ற விளையாட்டில், வீரன் ஒருமுறை இறந்தால் ஆட்டம் முடிந்துவிடும். ஒவ்வொரு முறையும் சுரங்க அறைகள் வேறு விதமாக அமையும். ஆனால், ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. ‘ரோக்’ விளையாட்டில் விதியைக் காப்பது கணினி. நஸ்லாக் சவாலில் அப்படியொரு விதி இருப்பதே கணினிக்குத் தெரியாது. விதியை இட்டவரே அதைக் காக்கவும் வேண்டும்.

இந்தச் சவாலை அந்த மாணவனுக்கு அறிமுகப்படுத்தியவள் அவனுடைய அக்காள். அவள் தன்னுடைய பழைய ‘ஃபயர்ரெட்’ ஆட்டத்தின் பிரதியில் ஒரு மென்பொருளை இயக்கினாள். சீட்டுக்கட்டைக் கலைத்துப் போடுவது போல, எந்த இடத்தில் எந்த உயிரினம் தோன்றும், எதிரியிடம் எது இருக்கும் என்பவற்றையெல்லாம் அது மாற்றிவிட்டது. பலமுறை விளையாடிய ஆட்டமாக இருந்தாலும், இனி மனப்பாடம் உதவாது.

“தாயக்கட்டையை உருட்டுவது போலத்தான், தம்பி. விழுந்த எண்ணுக்குத்தான் காயை நகர்த்த முடியும்,” என்றாள்.

வழக்கமாகச் சிறு பறவையோ எலியோ தோன்றும் முதல் பாதையில், அவனுக்கு மேஜிகார்ப் என்னும் மீன் எதிர்ப்பட்டது. நிலை 3. போக்கிமோன் உலகிலேயே மிகவும் பயனற்றது எனப் பெயர் பெற்ற மீன் அது. துள்ளுவதைத் தவிர வேறு எதுவும் அதற்குத் தெரியாது. 15ஆம் நிலையில்தான் முட்டி மோதக் கற்றுக்கொள்ளும். ஆனால், 20ஆம் நிலையை அடைந்தால், கியாரடோஸ் என்னும் மாபெரும் கடல்நாகமாக உருமாறும். அவன் சிரித்துக்கொண்டே அதற்குக் கெண்டை என்று பெயர் சூட்டினான். ஆட்டத்தில் தமிழில் தட்டச்சு செய்ய முடியாததால், ஆங்கில எழுத்துகளில் அப்பெயரைப் பதித்தான்.

கெண்டையை வளர்ப்பதற்கு ஒரு வழி இருந்தது. மோதலின் தொடக்கத்தில் அதை முன்னே நிறுத்த வேண்டும். உடனே திரும்ப அழைத்து, வலிமையான வேறோர் உயிரினத்தை அனுப்ப வேண்டும். வெற்றி பெற்றால், களத்தில் தலைகாட்டிய கெண்டைக்கும் அனுபவப் புள்ளிகளில் பங்கு கிடைக்கும். அதன் பொருட்டு அடியை வாங்குவது மற்ற உயிரினமாக இருக்கும். இப்படியே மூன்று நாள்கள் கழிந்தன. நிலை 10, 14, 17 எனக் கெண்டை மெல்ல மெல்ல உயர்ந்தது. சாப்பிட வருமாறு அம்மா அழைத்தபோதெல்லாம், “இன்னும் ஒரே ஒரு நிலை, அம்மா,” என்பது அவனுடைய பதிலாயிற்று.

நான்காம் நாள் இரவு கெண்டை 19ஆம் நிலையில் இருந்தது. ஆற்றுப் பாலத்தின்மேல் பயிற்சியாளர்கள் வரிசையாக நின்றனர். மூவரை வென்றாயிற்று. நான்காமவரிடமிருந்து மர்க்ரோ என்னும் கரிய காகம் வெளிவந்தது. அவன் வழக்கம்போலவே கெண்டையைத் திரும்ப அழைத்தான். ஆனால், பின்வாங்கும் எதிரியைத் துரத்தி இருமடங்கு வலிமையுடன் தாக்கும் வித்தை அந்தக் காகத்திற்குத் தெரிந்திருந்தது. கெண்டை திரும்பி வருவதற்குள் அதன் உயிர்க்கோடு முழுவதும் வற்றிவிட்டது. அதுவரை அதைக் காப்பாற்றிய வழியே அதற்கு எமனாயிற்று.

எஞ்சியவற்றைக் கொண்டு காகத்தை வீழ்த்திவிட்டு, அவன் சிகிச்சை நிலையத்திற்கு நடந்தான். தாதி வழக்கம்போல் அனைத்தையும் குணப்படுத்தினாள். கெண்டையும் எழுந்து நின்றது. இன்னும் ஒரே ஒரு மோதல் போதும், அது கடல்நாகமாகிவிடும். ஆட்டத்தைச் சேமிக்காமல் மூடிவிட்டுப் பாலத்திற்கு முந்தைய இடத்திலிருந்து தொடங்கவும் வழியிருந்தது. வீட்டில் எல்லாரும் உறங்கிக்கொண்டிருந்தனர். கணினியும் அவனைத் தடுக்கப் போவதில்லை. அவன் சொல்லாவிட்டால் அக்காளுக்கும் தெரியவராது.

சுட்டியின்மேல் இருந்த விரல் நெடுநேரம் அசையவில்லை. துள்ள மட்டுமே தெரிந்த ஒரு மீனுக்காக மூன்று நாள்கள் ஏன் பாடுபட்டோம் என்று அவன் எண்ணிப் பார்த்தான். விழுந்தால் திரும்பாது என்று நம்பியதால்தானே ஒவ்வொரு மோதலிலும் நெஞ்சு படபடத்தது? இப்போது அதைத் திரும்பக் கொண்டுவந்தால், அந்தப் படபடப்பு முழுவதும் பொய்யாகிவிடும் அல்லவா?

சிகிச்சை நிலையத்தின் மூலையில் உயிரினங்களைச் சேமித்து வைக்கும் கணினி இருந்தது. அதன் கடைசிப் பெட்டியைத் திறந்து, கெண்டையை உள்ளே வைத்தான். பெட்டியின் பெயரை ‘ஓய்வு’ என மாற்றினான். பிறகு ஆட்டத்தைச் சேமித்தான். இனித் திரும்பிப் போக வழியில்லை.

மறுநாள் காலையில் அக்காள் தேநீர் அருந்தியவாறே கேட்டாள்.

“தம்பி, கெண்டை என்ன ஆயிற்று? உருமாறிவிட்டதா?”

“இல்லை, அக்கா. பத்தொன்பதில் போய்விட்டது.”

அவள் சிறிது நேரம் அவனைப் பார்த்தாள். பாராட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்து அவனுக்கு அருகில் போட்டு அமர்ந்தாள்.

“சரி, அடுத்த பாதைக்குப் போ. என்ன வருகிறது என்று பார்ப்போம்,” என்றாள்.

அவன் ஆட்டத்தைத் திறந்தான். ஆறில் ஓரிடம் காலியாக இருந்தது. பாலத்தைக் கடந்து, இதுவரை கால் வைக்காத புல்வெளிக்குள் நுழைந்தான். புல் அசைந்தது. எது வந்தாலும், முதலில் வருவதுதான் அவனுக்கு உரியது.