ஓசூரில் ஒரு பம்ப் மேஸ்திரி

தேன்கனிக்கோட்டையைத் தாண்டி அஞ்செட்டி மலைப்பக்கம் சென்றுவந்த அன்பர்கள் அறிவார்கள்: மழை விழுந்துவிட்டால் அங்குள்ள மண்பாதைகளில் நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப்பைத் தவிர வேறு வாகனம் எளிதில் ஏறாது. நாம் வைத்திருப்பதும் அத்தகையதொரு கிழ ஜீப்தான். பிரசவ வலி கண்ட பெண்களையும் பாம்பு தீண்டியவர்களையும் இரவோடிரவாகக் கீழே கொண்டுவந்து சேர்த்த வண்டி. சென்ற ஆடி மாதத்தில் அதன் அடியில் டீசல் சொட்டத் தொடங்கியது.

இஞ்சினுக்கு டீசலை அளந்து அனுப்பும் பம்பிலிருந்துதான் கசிவு. டீசல் வெளியேறும் வழியே இரவில் காற்று உள்ளே புகுந்துவிடும். காலையில் வண்டி கிளம்ப மறுக்கும். உள்ளூர் மெக்கானிக் ஒருவர் திருகாணிகளை இறுக்கி, மேலே பசையும் பூசிவிட்டார். இரண்டே நாளில் மறுபடி சொட்டியது. பம்பையே மாற்றிவிடும்படியும், பெங்களூரில் பழையது கிடைக்கும் என்றும் அவர் யோசனை கூறினார். அதற்குமுன் ஓசூரில் காட்டிப் பார்ப்போம் என்று புறப்பட்டோம்.

ஓசூர் கடைவீதியில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒன்றோடொன்று கலந்து ஒலிக்கும். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் ஊரின் முகமே மாறிற்று. 1980-ல் அசோக் லேலண்டின் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது, டி.வி.எஸ். 50 மொபெட்டும் அதே ஆண்டில் இங்கிருந்து வெளிவந்தது. கிருஷ்ணகிரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் இரவு பகலாக லாரிகள் ஓடுகின்றன. லாரி ஓடுமிடத்தில் பட்டறைக்குப் பஞ்சமேது? பம்ப், நாசில் பழுது பார்ப்போர் வாயில் 'மைக்கோ' என்ற பெயரை இன்றும் கேட்கலாம். 1951-ல் தோன்றிய அந்தக் கம்பெனி 2008-ல் 'பாஷ்' என்று பெயர் மாற்றிக்கொண்டது; மெக்கானிக்குகளின் நாவில் அது இன்னும் மாறவில்லை.

நாம் கண்ட மேஸ்திரி வயதானவர். சொட்டும் பம்பை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினார்.

"ஆயில் எப்போ ஊத்துனீங்க, ஐயா?"

"மூன்று மாதமாக ஊற்றவேயில்லை, மேஸ்திரி. குறையவேயில்லை" என்றோம், சற்றுப் பெருமையாகவே.

"குறையலைதான். ஏறியிருக்கு பாருங்க."

மேற்கோட்டையும் தாண்டி விரலளவு ஏறியிருந்தது. இரு விரலால் தேய்த்து முகர்ந்துபார்க்கச் சொன்னார்; டீசல் வாடை. பம்பின் தண்டு இஞ்சினுக்குள் நுழையுமிடத்தில் இருக்கும் ரப்பர் சீல் இறுகிப்போய், டீசல் உள்ளேயும் வடிந்து ஆயிலை நீர்க்கச் செய்திருக்கிறது. வெளியே விழுந்த துளிகளை எண்ணி நாம் கவலைப்பட்டுக்கொண்டிருக்க, உள்ளே வழவழப்பின்றி பேரிங்குகள் தேயும் நிலை. பழைய பம்பை வாங்கி மாட்டியிருந்தால் அதன் சீலும் எந்நிலையில் இருந்திருக்குமோ!

அடுத்து பம்பைத் துடைத்து, அதன்மீது முகப்பவுடரைத் தூவி இஞ்சினை ஓட்டினார். வெண்பொடியில் ஈரக்கோடு ஒன்று மெல்ல இறங்கியது. ஆக்ஸிலேட்டர் நெம்புகோலின் அடியிலுள்ள வளையம்தான் வெளிக்கசிவுக்குக் காரணம். கழற்றுமுன் பம்பிலும் இஞ்சினிலும் நேர்க்கோடாக அடையாளம் கீறிக்கொண்டார். அது சிறிது பிசகினாலும் டீசல் பாயும் நேரம் தவறிப் புகை கக்கும்.

பம்பைத் திறந்தது கதவடைத்த ஓர் அறையில். உள்ளே ஒன்றுக்குள் ஒன்றாகச் சுழலும் உருக்குப் பாகங்களுக்கு இடையே உள்ள இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான்தான்; தலைமயிரின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இராது. ஒரு தூசு போதும், கெடுத்துவிட.

சீல் இறுகியதற்கு வயது ஒன்றே காரணமா என்று கேட்டோம். "டீசலும் மாறிப்போச்சுங்க" என்றார். அவர் சொன்னதில் பொருளுண்டு. 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் விற்கும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கலாகாது. அதற்குமுன் 50 வரை இருக்கலாம். கந்தகத்தை நீக்கும் சுத்திகரிப்பில் ரப்பரை உப்பவைத்திருக்கும் வேறு சில பொருள்களும் குறைகின்றன. 1993-ல் அமெரிக்காவில் கந்தகம் குறைந்த டீசல் வந்தபோதும் பழைய வண்டிகளின் ரப்பர் வளையங்கள் சுருங்கிப் பல பம்புகள் கசிந்தன. புதுவகை ரப்பரில் செய்த வளையங்களையே மேஸ்திரி பொருத்தினார்.

பிறகு சோதனை மேசையில் பம்பைச் சுழலவிட்டார். நான்கு கண்ணாடிக் குழாய்களில் டீசல் சமமாக ஏறவேண்டும்; மூன்றாவது சற்றுத் தாழ்ந்திருந்தது. நான்கும் ஒரே கோட்டில் நிற்கும்வரை விடவில்லை. அருகே நாசிலைச் சோதித்தபோது, எட்டிப்பார்த்த நம் வீட்டுச் சிறுவனைக் கடுமையாக அதட்டினார். அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடுமாம்; காயம் ஊசிமுனையளவே தெரிந்தாலும் விரலையே இழக்க நேரிடும். பெற்றோர் இதை நினைவில் கொள்க.

கெட்ட ஆயிலை வடித்துப் புதியது ஊற்றி, பில்டரையும் மாற்றி, மறுநாள் மாலை வண்டியைக் கொடுத்தார். அன்றிரவு ஜீப்பின் அடியில் ஓர் அட்டையை விரித்துவைத்துப் படுத்தோம். விடியுமுன் யாரோ கதவைத் தட்டினார்கள். மேலூரில் ஒரு கிழவருக்கு மூச்சுத் திணறலாம். அட்டையைப் பார்க்கக்கூட நேரமில்லை. சாவியைத் திருப்பியதும் ஜீப் கிளம்பிற்று.