குக்கருக்குள் ஒரு இரகசியக் காப்பு

வணிகவியல் படிப்பவர்களுக்கு 'இரகசியக் காப்பு' என்று ஒரு சின்னப் பாடம் வரும். ஒரு நிறுவனம் தன் சொத்துக்களைக் குறைத்துக் காட்டியோ, செலவுகளைக் கூட்டிக் காட்டியோ, இருப்புநிலைக் குறிப்பில் தெரியாதபடி ஒரு தொகையை ஒதுக்கி வைத்துக்கொள்ளும். கெட்ட வருஷம் வந்தால் அதை வைத்துச் சமாளிக்கும். இது தப்பு, கணக்கு என்றால் உள்ளதை உள்ளபடி காட்ட வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. மாணவர்களும் அப்படியே எழுதிவிட்டு மதிப்பெண் வாங்கிக்கொள்கிறார்கள்.

அந்தப் புத்தகத்தை எழுதியவரின் வீட்டுச் சமையலறையிலும் இதுதான் நடந்துகொண்டிருந்திருக்கும், பாவம், அவருக்குத் தெரிந்திருக்காது. கிலோ 24 ரூபாய்க்குக் கத்திரிக்காய் வாங்கிவிட்டு 30 என்று சொல்வதற்கு வேறு என்ன பெயர்? செலவைக் கூட்டிக் காட்டுதல். அப்படியே பாடப் புத்தக முறை!

நம் ஊர் வீடுகளில் இந்தக் காப்புக்கு என்று சில இடங்கள் உண்டு. துவரம்பருப்பு டப்பா, சாமி படத்துக்குப் பின்னால், அலமாரியில் விரித்த பேப்பருக்குக் கீழே, கல்யாணப் பட்டுப்புடவையின் மடிப்பு. இவையெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த இடங்கள். பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். கரூரில் ஒரு வீட்டில் அந்த அம்மா தேர்ந்தெடுத்த இடம் கொஞ்சம் வித்தியாசமானது. பரண் மேல் இருந்த பழைய பிரஷர் குக்கர்.

அந்த வீட்டு அப்பாவுக்கு பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை. பெண் பத்தாம் வகுப்பு, பையன் மூன்றாம் வகுப்பு. அப்பாவுக்கு டைரியில் கணக்கு எழுதும் பழக்கம். தினமும் ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் "இன்னிக்கு என்ன செலவு?" என்பார். அம்மா சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வார். நல்ல மனிதர், குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. ஆனால் கையில் காசு இருந்தால் யார் கேட்டாலும் கொடுத்துவிடுவார். தம்பி கேட்டால், பங்காளி கேட்டால், பட்டறையில் கூட வேலை செய்கிறவர் கேட்டால்... திரும்பி வந்தது பாதிகூட இருக்காது. டைரியில் மட்டும் எல்லாம் பத்திரமாக இருக்கும்.

அந்தக் குக்கர் அம்மா கல்யாணத்துக்கு வந்த சீர். கேஸ்கட் போய் வெகு நாளாகிவிட்டதால் சமையலுக்கு ஆகாது. வருஷத்தில் இரண்டு தடவை, பிள்ளைகள் பிறந்தநாளுக்கு, கேக் செய்ய மட்டும் கீழே இறங்கும். ஓவன் இல்லாத வீடுகளில் கேக் இப்படித்தான் செய்வார்கள். குக்கருக்குள் இரண்டு விரல் உயரத்துக்குச் சலித்த ஆற்று மணலைப் பரப்பி, அதன் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்து, தண்ணீர் ஊற்றாமல் சூடாக்க வேண்டும். வெண்ணெய் தடவி மைதா தூவிய பாத்திரத்தில் மாவை ஊற்றி உள்ளே இறக்கி, கேஸ்கட்டும் வெயிட்டும் போடாமல் மூடி, சிம்மில் முக்கால் மணி நேரம். ஈர்க்குச்சியை விட்டுப் பார்த்தால் ஒட்டாமல் வரவேண்டும். இடையில் திறந்து பார்த்தால் நடுவில் குழி விழுந்துவிடும். (பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இடையில் திறந்து பார்க்காமல் இருக்க முடியுமா என்ன?)

மற்ற நாளில் அந்த மணலுக்கு மேல் ஒரு மஞ்சள் பை இருக்கும். மூடி போட்டுப் பரண் மேல் ஏற்றிவிட்டால் யார் தொடப்போகிறார்கள்? ஐந்தும் பத்துமாக மிச்சம் பிடித்து, மாதம் 500 சேர்ந்ததும் கடையில் கொடுத்து ஒரே நோட்டாக மாற்றிக்கொள்வார். சில்லறையாக வைத்தால் இடம் அடைக்குமே. ஆயிரம் சேர்ந்தால் சில சமயம் ஆயிரம் ரூபாய் நோட்டு. நான்கரை வருஷத்தில் பை 27,500 ரூபாயைத் தொட்டிருந்தது. 11 ஆயிரம் ரூபாய் நோட்டுகள், 33 ஐந்நூறு ரூபாய் நோட்டுகள்.

2016 நவம்பர் 8, செவ்வாய்க்கிழமை. இரவு எட்டு மணிக்குப் பிரதமர் டிவியில் பேசினார். நள்ளிரவு முதல் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது. அப்பா சிரித்தார். "கருப்புப் பணம் வெச்சிருக்கிறவனுக்குத்தான் இன்னிக்குத் தூக்கம் வராது. நம்மகிட்ட என்ன இருக்குது?" என்றார். அடுக்களையில் ஒரு தோசை கருகியது. அம்மா தோசை கருகவிடுகிற ஆள் இல்லை.

மறுநாள் வங்கிகள் கிடையாது. வியாழக்கிழமை திறந்தபோது வரிசை தெருமுனை தாண்டிவிட்டது. சனிக்கிழமை, அப்பா பட்டறைக்குப் போனதும், வாக்காளர் அட்டை ஜெராக்ஸோடு அம்மா போய் நின்றார். ஒரு ஆளுக்கு 4,000 வரைதான் மாற்றித் தருவார்கள். நான்கு மணி நேரம் நின்று வாங்கியது இரண்டே இரண்டு புது 2000 ரூபாய் நோட்டுகள். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பஸ்ஸில் வாங்க மாட்டார்கள், பால்காரரிடம் சில்லறை இருக்காது.

இதற்கு நடுவில் பையனின் பள்ளியில் திங்கட்கிழமை குழந்தைகள் தினம். மாறுவேடப் போட்டியில் அவன் நேரு. (அந்த வகுப்பில் மட்டும் ஏழு நேருக்கள்!) வகுப்புக்கு ஏதாவது தின்பண்டம் கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். இவன் சும்மா இருக்காமல், "எங்கம்மா கேக் செஞ்சு தருவாங்க மிஸ்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். நாற்பது பேருக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதாவும் ஆறு முட்டையும் வாங்க அம்மா 2000 ரூபாய் நோட்டோடு மளிகைக்கடைக்குப் போனார். கடைக்காரர் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அப்புறமா குடுங்கக்கா" என்று நோட்டில் எழுதிக்கொண்டார். வீட்டில் 27,500 ரூபாய் வைத்திருக்கும் ஒரு பெண்மணி ஆறு முட்டையைக் கடனுக்கு வாங்கினார்.

திரும்பி வந்தபோது அப்பா தரையில் உட்கார்ந்திருந்தார். பையன் நச்சரித்ததில் ஸ்டூல் போட்டு ஏறிக் குக்கரை இறக்கியிருக்கிறார். பக்கத்தில் மஞ்சள் பை. மீதி 23,500 ரூபாயும் எண்ணி அடுக்கப்பட்டிருந்தது. ஆயிரம் தனியாக, ஐந்நூறு தனியாக. கணக்கு எழுதுகிற மனிதர் அல்லவா.

திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஜூன் மாசம் நான் பதினஞ்சாயிரம் கடன் வாங்கினப்போ இது இருந்துச்சா?"

பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்காக நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கிய கடன் அது. மாதம் 450 வட்டி.

"இருபத்தஞ்சு இருந்துச்சுங்க" என்றார் அம்மா. கத்திரிக்காய் விலையில் சொல்கிற பொய்யை அன்றைக்கு அவர் சொல்லவில்லை.

கணக்குப் பாடத்தின்படி பார்த்தால் அம்மா செய்தது பெரிய தப்பு. வருஷத்துக்கு 36 சதவீத வட்டிக்குக் கடன் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஒரு பைசா வருமானம் இல்லாத பணத்தை மணலுக்கு மேல் வைத்திருப்பதா? அந்த ஐந்து மாதத்தில் வட்டியாகப் போனது 2,250. அதே ஐந்து மாதத்தில் பையில் சேர்ந்தது 2,500. கடலை வாளியால் இறைத்த கதை என்று எந்த மாணவனும் சொல்லிவிடுவான். அப்பாவுக்கும் அதுதான் வலித்தது. வட்டிக்காக அவர் இரண்டு மாதம் ஓவர்டைம் பார்த்திருந்தார்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. முட்டைகளை ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் எடுத்து வைத்தார். அப்புறம் மெதுவாகத்தான் சொன்னார். "ரெண்டாயிரத்துப் பதினொன்னுல பட்டறைல விழுந்து கை ஒடிஞ்சு ரெண்டு மாசம் வீட்டுல இருந்தீங்களே. அப்ப பால் எப்படி வந்துச்சு, பாப்பாவுக்கு ஃபீஸ் எப்படிக் கட்டுனோம்னு ஒரு நாளாவது கேட்டீங்களாங்க?"

அவர் கேட்டதில்லை. மளிகைக்கடையில் கடன் சொல்லியிருப்பாள், மாமியார் வீட்டில் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்திருந்தார். அந்த இரண்டு மாதத்துக்கு டைரியில் எதுவும் எழுதப்படவில்லை. வலது கை ஒடிந்திருந்தது.

அப்போது குக்கரில் இருந்தது 6,000 ரூபாய். மொத்தமும் காலியாகி, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்த பணம்தான் இது. கொடுத்திருந்தால் ஜூன் மாதக் கடன் இருந்திருக்காது, உண்மைதான். ஜூலையில் தம்பி வந்து நின்றிருந்தால் மிச்சமும் இருந்திருக்காது. இதை அம்மா வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை.

மத்தியானம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. சாயங்காலம் அம்மா மாவு கலக்க உட்கார்ந்தார். பெண் சர்க்கரையைப் பொடித்துக் கொடுத்தாள். அப்பா எழுந்து வந்து, ஒன்றும் பேசாமல் மணலைச் சலித்துக் கொடுத்தார். இரண்டு தடவையாக இரண்டு கேக். முதலாவதைப் பையன் திறந்து பார்த்துவிட்டதால் நடுவில் குழி. இரண்டாவது நன்றாக வந்தது. நாற்பது துண்டு போட்டபோது ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவுக்குத்தான் தேறியது. மறுநாள் ஏழு நேருக்களில் இவனுக்குப் பரிசு கிடைக்கவில்லை, ஆனால் கேக் மொத்தமும் காலி.

2014 ஆகஸ்டில் ஆரம்பித்த ஜன் தன் திட்டத்தில் அம்மா பெயரிலும் ஒரு கணக்கு இருந்தது. பாஸ்புக்கில் அதுவரை பூஜ்யம்தான். அந்த வாரம் அப்பா அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து, கூடவே வரிசையில் நின்று 23,500 ரூபாயையும் அதில் போட்டார்கள். போட்டாயிற்று, எடுப்பதுதான் கஷ்டம். அந்த மாதக் கடைசியில் ஜன் தன் கணக்குகளில் மாதம் 10,000 வரைதான் எடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. டிசம்பரில் பத்தாயிரமும் ஜனவரியில் ஐயாயிரமுமாக எடுத்துக் கடனை அடைத்தார்கள். அடைக்கலாம் என்று சொன்னதே அம்மாதான்.

ஆனால் ஒரு விஷயம் மாறிவிட்டது. வங்கியில் கொடுத்திருந்தது அப்பாவின் செல்போன் நம்பர். கணக்கில் நூறு ரூபாய் போட்டாலும் எடுத்தாலும் அவருக்கு மெசேஜ் வந்துவிடும். புத்தகம் சொல்கிற மாதிரியே எல்லாம் வெளிப்படையாகிவிட்டது. மீதி 8,500 அப்படியே கிடந்தது. அம்மா அதன் பிறகு அந்தக் கணக்கில் ஒரு ரூபாய் கூடப் போடவில்லை.

பொங்கல் கழிந்து ஒரு நாள் ராத்திரி. அப்பா டைரியோடு உட்கார்ந்தார்.

"கத்திரிக்காய் என்ன விலை?"

அம்மா கொஞ்சம் தயங்கினார். "முப்பதுங்க."

அன்று காலை வேலைக்குப் போகும் வழியில் அதே கடையில் 24 என்று எழுதித் தொங்கவிட்டிருந்ததை அப்பா பார்த்திருந்தார். பேனாவைத் திறந்து 30 என்று எழுதிக்கொண்டார். "அடுத்தது?" என்றார்.