ஒரு படம் எடுக்கலாமா?

சிரம்பான் நகரை ஒட்டியுள்ள அம்பாங்கான் வட்டாரத்தில் இன்று பல தோட்டங்களின் மக்கள் கலந்து வாழ்கிறார்கள். லாபு, ரந்தாவ், சிலியாவ், லிங்கி என நெகிரி செம்பிலானின் தோட்டப்புறங்களில் பிறந்து வளர்ந்தவர்கள் அவர்கள். ரப்பர் மரங்கள் செம்பனைக்கு வழிவிட்டன. பல இடங்களில் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களுக்கு வழிவிட்டது. மக்கள் குடும்பம் குடும்பமாக நகரத்தை நோக்கி வந்தார்கள்.

தோட்டத்து லயத்தில் ஒரு வீட்டில் குழம்பு கொதித்தால் அடுத்த வீட்டுக்குத் தெரியும். மாலையில் அஞ்சடியில் அமர்ந்தால், போவோர் வருவோர் அனைவரும் பெயர் தெரிந்தவர்களாகவே இருப்பார்கள். இங்கோ ஒவ்வொரு வீட்டுக்கும் இரும்புக் கதவு உண்டு. பத்தாண்டுகள் அருகருகே வாழ்ந்தும், பக்கத்து வீட்டுக்காரர் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தவர் என்று அறியாதவர்கள் பலர். ஒரே வகையான வாழ்க்கையை வாழ்ந்தவர்கள், ஒருவருக்கொருவர் அந்நியர்களாகிவிட்டார்கள்.

நான் பாடத்திட்ட அலுவலராகப் பணிபுரிகிறேன். வாரம் முழுவதும் தாள்களோடும் கணினியோடும் கழியும். ஞாயிற்றுக்கிழமைக் காலைகளை மட்டும் கேமராவுக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன். தொடக்கத்தில் மரங்களையும் மலைகளையும் படம்பிடித்தேன். பிறகு மனித முகங்களின் பக்கம் மனம் திரும்பியது.

மலையைப் படம்பிடிக்க அதன் அனுமதி தேவையில்லை. மனித முகம் அப்படியன்று. என்னிடம் உள்ள 50 மில்லிமீட்டர் வில்லை, தொலைவில் இருப்பதை அருகில் இழுத்துக் காட்டாது. ஒரு முகம் படத்தை நிறைக்க வேண்டுமானால், அந்த மனிதரிடமிருந்து ஓரிரு மீட்டர் தூரத்தில் நான் நிற்க வேண்டும். அவ்வளவு நெருக்கத்தில் பேசாமல் நிற்க முடியாது. எனவே, முதலில் வணக்கம் சொல்வேன். என் பெயரைச் சொல்வேன். சிறிது நேரம் பேசுவேன். அதன் பின்னரே, "ஒரு படம் எடுக்கலாமா?" என்று கேட்பேன்.

இப்படிப் பழகிய முதல் ஆண்டுகளில், 2017இல், 82 வயதுப் பாட்டி ஒருவரைச் சந்தித்தேன். வீட்டு வாசலில் அமர்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் படம் எடுக்கக் கேட்டதும் சிரித்தார்.

"இந்தக் கிழட்டு முகத்தையா? எனக்கு மொத மொதல்ல படம் எடுத்தப்போ வயசு பதிமூணு. சிரிக்கக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

அவர் குறிப்பிட்டது அடையாள அட்டைப் படத்தை. 1948ஆம் ஆண்டு ஜூன் மாதம் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் தேசியப் பதிவு தொடங்கியது. 12 வயதும் அதற்கு மேலும் உடைய ஒவ்வொருவரும் நிழற்படம் எடுத்து, பெருவிரல் ரேகையைப் பதித்து, அடையாள அட்டை பெற வேண்டியிருந்தது. தோட்ட மக்கள் வெயிலில் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டதைப் பாட்டி தெளிவாக நினைவில் வைத்திருந்தார்.

"பேரு கேட்டாங்க, அப்பா பேரு கேட்டாங்க. அப்புறம் அடுத்த ஆளைக் கூப்பிட்டாங்க. வேற ஒண்ணும் கேக்கலம்மா."

அவர் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். ஆனால், அந்தச் சொற்கள் என்னுள் தங்கிவிட்டன. ஒரு முகத்தைப் பதிவு செய்வது வேறு. அந்த முகத்துக்குரியவரை அறிந்துகொள்வது வேறு. பதிவுக்குப் பெயரும் எண்ணும் போதும். அறிந்துகொள்வதற்கோ இன்னும் சில கேள்விகள் வேண்டும். பதில் வரும்வரை காத்திருக்கும் பொறுமையும் வேண்டும். அன்று பாட்டியிடம் ஒரு மணி நேரம் பேசினேன். விடியுமுன் பெரட்டுக்குப் போனதையும், கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பால் மரம் சீவியதையும், ஒட்டுப்பால் நாற்றம் பண்டிகை நாளில்கூடக் கையை விட்டுப் போகாததையும் சொன்னார். கடைசியில் நான் எடுத்த படத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

முகங்களையும் அவற்றின் கதைகளையும் சேர்த்துத் திரட்டுவோர் உலகின் பல பகுதிகளில் இருக்கிறார்கள். அமெரிக்காவைச் சேர்ந்த பிராண்டன் ஸ்டாண்டன் 2010இல் சிக்காகோவில் தம் வேலையை இழந்தார். பின்னர் நியூயார்க் நகருக்குச் சென்று, அந்நகரத்து மக்கள் 10,000 பேரைப் படம்பிடிக்க வேண்டும் என்று கிளம்பினார். தொடக்கத்தில் அவருடைய நோக்கம் படங்கள் மட்டுமே. நாளடைவில், படத்துக்கு உரியவர்கள் சொன்ன சொற்களையும் உடன் சேர்த்து வெளியிட்டார். அதன் பிறகே உலகெங்கும் உள்ள வாசகர்கள் அந்தப் படங்களின் முன் நின்று படிக்கத் தொடங்கினார்கள். 2013இல் அவை நூலாகவும் வெளிவந்தன.

தமிழ்நாட்டில் மதுரைப் பகுதியைச் சேர்ந்த நிழற்படக் கலைஞர் மு. பழனி குமார் இன்னும் நமக்கு நெருக்கமானவர். அவருடைய தாயார் மீன் விற்று அவரை வளர்த்தவர். 2013இல் தம் முதல் கேமராவை வாங்கிய பழனி குமார், தூய்மைப் பணியாளர்கள், மீன் விற்கும் பெண்கள், கடற்பாசி எடுக்கும் பெண்கள் ஆகியோரின் வாழ்க்கையைப் படங்களாக்கி வருகிறார். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014இல் தொடங்கிய 'பாரி' என்னும் கிராமப்புற மக்கள் காப்பகத்தில் அப்படங்களைக் காணலாம். அவர் படங்களில் உழைப்பு தெரிகிறது. உழைப்பவரின் பெயரும் சொல்லும் அதோடு சேர்ந்தே வருகின்றன.

படத்தில் தாம் எப்படித் தோன்ற வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்கு உண்டு? இக்கேள்விக்கு ஓர் இளைஞர் எனக்கு விடை தந்தார். லாபு பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் வேலை செய்யும் வங்காளதேசத்துத் தொழிலாளி அவர். குலை அறுக்கும் நீண்ட அரிவாளைத் தோளில் சாய்த்து நின்றிருந்தார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. மலாயில் பேசினோம். படம் எடுக்கலாமா என்று கேட்டதும், "கொஞ்சம் பொறுங்கள் அக்கா" என்று சொல்லிவிட்டுத் தம் குடியிருப்புக்கு ஓடினார். பத்து நிமிடம் கழித்து, முகம் கழுவி, தலைவாரி, வெள்ளைச் சட்டை அணிந்து வந்து நின்றார்.

"இந்தப் படத்தை என் அம்மா பார்ப்பார். மகன் நலமாக இருக்கிறான் என்று அவருக்குத் தெரிய வேண்டும்" என்றார்.

எனக்கு என் பாட்டனாரின் நினைவு வந்தது. கங்காணிகள் வழியாக மலாயாவுக்கு வந்த ஆயிரமாயிரம் தமிழர்களில் அவரும் ஒருவர். 1938இல் இந்திய அரசு தோட்டத் தொழிலாளர்களை அனுப்புவதைத் தடை செய்வதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் வந்தவர். சிரம்பானில் ஒரு நிழற்படக் கடையில், இரவல் வாங்கிய கோட்டை அணிந்துகொண்டு அவர் எடுத்த படம் எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. அதன் மற்றொரு பிரதியை ஊரில் இருந்த தம் தாயாருக்கு அனுப்பினாராம். காலம் வேறு, நாடு வேறு, மொழி வேறு. தாய்க்கு அனுப்பும் படத்தில் மகன் காட்ட விரும்பும் முகம் மட்டும் மாறவில்லை. தோட்டத்தில் இன்று அந்நியராகத் தெரியும் அந்த இளைஞர், நேற்று என் பாட்டனார் நின்ற அதே இடத்தில்தான் நிற்கிறார்.

கேட்டவர்கள் அனைவரும் சம்மதிப்பதில்லை. ஒட்டுக்கடை ஒன்றில் தேநீர் அருந்திக்கொண்டிருந்த முதியவரிடம் ஒருமுறை கேட்டேன். "படம் வேணாம்மா. பேசணும்னா உக்காரு" என்றார். கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு அமர்ந்தேன். நாற்பது ஆண்டுகள் மரம் சீவியவர் அவர். உள்மரத்தில் கத்தி படாமல் பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். ஆழம் சற்றுக் கூடினாலும் அந்த இடத்தில் புதுப் பட்டை சீராக வளராது என்று விளக்கினார். மேசைமேல் விரலால் சாய்கோடு இழுத்து, கத்தி போகும் வழியைக் காட்டினார். அவருடைய படம் என்னிடம் இல்லை. ஆனால், அவர் சொன்னவை என் குறிப்பேட்டில் நான்கு பக்கங்களுக்கு இருக்கின்றன. வட்டாரத்தில் எங்கே கண்டாலும், இன்று அவரே முதலில் கையசைக்கிறார்.

கேமரா ஓர் அறிமுகச் சீட்டு மட்டுமே என்பதை அவர்தாம் எனக்கு உணர்த்தினார். அந்நியர்களை நெருங்கச் செய்வது கேட்பதும் காத்திருப்பதும்தான். நல்ல படம் அதன் பிறகு வந்தால் வரலாம், வராமலும் போகலாம்.

மாணவர்களே, உங்கள் கைப்பேசியில் உள்ள கேமரா இதற்குப் போதுமானது. ஆனால், மூன்று கடமைகளை மறந்துவிடாதீர்கள். முதலாவது, கேட்காமல் எடுக்காதீர்கள். வேண்டாம் என்பவரிடம் வற்புறுத்தாதீர்கள். அனுமதியின்றிப் படத்தைப் புலனத்திலோ சமூக ஊடகத்திலோ பகிராதீர்கள். இரண்டாவது, படத்தைவிடப் பேச்சுக்கு அதிக நேரம் கொடுங்கள். "வாழ்க்கை எப்படி இருக்கிறது?" என்று கேட்டால், "இருக்குப்பா" என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். "முதன்முதலாக வேலைக்குப் போன நாள் நினைவிருக்கிறதா?" என்று கேளுங்கள், கதை தானாக வரும். மூன்றாவது, எடுத்த படத்தை அச்சிட்டு, உரியவர் கையில் கொடுங்கள். திருப்பிக் கொடுக்காத படம் பாதி வேலைதான்.

எங்கே தொடங்குவது என்ற தயக்கம் வேண்டாம். உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டியிடமே தொடங்கலாம். அடுத்து, மின்தூக்கியில் நாள்தோறும் பார்த்தும் பேசாத அண்டை வீட்டாரிடம் செல்லலாம். பள்ளிக் காவலரிடமும் சிற்றுண்டிச்சாலை அக்காவிடமும் கேட்கலாம். படத்தின் பின்புறத்தில் அவர் பெயர், பிறந்த தோட்டம் அல்லது ஊர், படம் எடுத்த நாள் ஆகிய மூன்றையும் பென்சிலால் எழுதி வையுங்கள். அந்தத் தோட்டம் இன்று வரைபடத்தில் இல்லாமல் போயிருக்கலாம். அதன் பெயர் எழுதப்பட்ட ஒரே இடம், ஒருநாள், உங்கள் படத்தின் பின்புறமாகவே இருக்கக்கூடும்.